பொம்மை ரயிலை அதட்டிய நாள்

பிப்ரவரி 9, திங்கள்

நாள் முழுக்க மற்ற ஓட்டுநர்களுக்கு வண்டி ஒதுக்கும் வேலை. நானும் ரயில் ஓட்டுகிறவள்தான் என்பது அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 11, புதன்

இன்ஜினுக்குத் திரும்புவதா, மேசையிலேயே இருந்துவிடுவதா என்று மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். மேலதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். நான்தான் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வந்துவிட்டேன்.

போன வருஷம் லெவல் கிராசிங்கில் லாரி சிக்கிய அன்று, மோதுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டேன். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு இன்ஜினில் ஏறினாலே கை நடுங்குகிறது, அதனால்தான் இந்த மேசை. பாராட்டு வாங்கியவள் பயந்து சாகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டில் அவர், "மேசை வேலைல என்ன குறைச்சல்? நேரத்துக்கு வீட்டுக்கு வர்றே" என்கிறார். ஒரு குறைச்சலும் இல்லை. அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 14, சனி

நெட்டை போன் செய்தாள். என் துணை ஓட்டுநர், லாரி சிக்கிய அன்றும் பக்கத்தில் இருந்தவள். நாளைக்குப் பெரிய ரயில் கண்காட்சியாம். வரமாட்டேன் என்றேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம். என் பேச்சை அவள் என்றைக்கு மதித்தாள்?

பிப்ரவரி 15, ஞாயிறு

நடந்து நடந்து கால் விட்டுப்போய்விட்டது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

பழைய நீராவி இன்ஜினைச் சுற்றி நிற்க இடமில்லை. பக்கத்தில், திரையைப் பார்த்து ரயில் ஓட்டிப் பழகும் கூண்டு ஒன்று. நெட்டை அங்கே இழுத்தாள். டீ குடிக்க வேண்டும் என்று நழுவினேன். அவளும் கூடவே வந்து இரண்டு டீ வாங்கினாள். ஏன் என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடைசிக் கூடத்தில் பொம்மை ரயில்கள். பெரிய மேசை, அதில் மலை, சுரங்கம், ஸ்டேஷன், விரல் உயரச் சிக்னல்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விளக்கு மாறியது.

"மஞ்சள்" என்றேன்.

"மஞ்சள்" என்றாள் நெட்டை.

எங்கள் வேலையில் அப்படித்தான். சிக்னலின் நிறத்தை ஒருத்தி உரக்கச் சொல்ல, மற்றவள் திரும்பச் சொல்ல வேண்டும். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மானம் போனது அதோடு நிற்கவில்லை. மஞ்சளைக் கண்டும் வண்டி வேகம் குறையாமல் போனதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாருங்க ஓட்டுறது? அடுத்தது சிவப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை என்னிடம் நீட்டி, நீங்களே ஓட்டுங்கள் என்றார்.

வாங்கிவிட்டேன். அங்கேயும் ஒரு லெவல் கிராசிங். கை நடுங்கியது. பொம்மைக்குப் போய்! நெட்டை நிறத்தைச் சொன்னாள், நான் திரும்பச் சொன்னேன். அப்படியே கிராசிங்கைத் தாண்டி ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினேன். நடுக்கம் கடைசி வரை போகவில்லை. ஆனால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. நடுக்கம் போன பிறகுதான் ஏறுவேன் என்று இத்தனை மாதம் உட்கார்ந்திருந்தேனே—

வெளியே வந்ததும் நெட்டை சொன்னாள்: "எனக்கும்தான் அன்னையிலிருந்து நடுங்குது. நடுங்கிக்கிட்டேதான் வேலைக்குப் போறேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பாவி. தெரியாதுடி எனக்கு. நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று இருவரும் அழுதோம், அப்புறம் சிரித்தோம்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்ஜினுக்கே திரும்புகிறேன் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். பிறகு, "எத்தனை மணிக்கு எழுப்பணும்?" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

திரும்பி வந்த பிறகு இன்றுதான் முதல் வண்டி. லெவல் கிராசிங் வரும்போதெல்லாம் தேவைக்கு அதிகமாகவே வேகத்தைக் குறைத்துவிட்டேன். வண்டி தாமதம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்கள். நெட்டை சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.