பொத்தான் வைத்த பக்கம்

என் மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இங்கே நலமில்லை, அங்கேயும் இல்லை என்று தெரியும். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் இதை உன் அறைத்தோழி பெயருக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அவள்மேல் கோபப்படாதே. நேற்று அவளாகத்தான் என்னைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை உனக்கு ஆபரேஷன் என்றாள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் நீ "யாரும் இல்லை" என்று எழுதியிருப்பதையும் சொன்னாள். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே, கண்ணு. எப்படி எழுத மனசு வந்தது?

முதலில் அந்தச் சட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ போன இரண்டு வருஷத்தில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். புது வேலையில் சேரும் முதல் நாள், மகளுக்கென்று நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். பையன் என்று வளர்த்த பிள்ளை பெண் என்று சொன்ன பிறகு உனக்கு நான் தைக்கும் முதல் துணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நீ அனுப்பிய அளவுக்கு இடுப்பைப் பிடித்து, கழுத்தை இறக்கித் தைத்தேன். நீ வைத்துக்கொண்ட பெயரைப் பார்சல்மேல் எழுதுவதற்கு முன்னால், பிழை வந்துவிடக் கூடாதென்று பழைய தாளில் நாலு தடவை எழுதிப் பார்த்தேன்.

பார்சல் திரும்பி வந்தது. உள்ளே உன் துண்டுச் சீட்டு. "நீ பெத்தது பையன்னு பொத்தான்லயே சொல்லிட்ட. புரிஞ்சுதும்மா."

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. சட்டையைத் தையல் கம்பெனிக்கு எடுத்துப் போய், பக்கத்து மெஷினில் இருக்கிறாளே வாயாடி, அவளிடம் காட்டினேன். எடுத்தவுடனே சொல்லிவிட்டாள், அக்கா இது ஆம்பளை சட்டை என்று. பெண்கள் சட்டையில் பொத்தான் இடது பக்கம் வரும், ஆண்கள் சட்டையில் வலது பக்கம். பத்தொன்பது வருஷமாக நான் தைப்பது ஆண்கள் சட்டையில் பொத்தான் வரும் முன்பட்டி மட்டும். ஒரு நாளைக்கு நானூறு. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்களே, என் கை அப்படிச் சீய்த்துவிட்டது. பெயரை நாலு தடவை எழுதிப் பார்த்த மடச்சி, பொத்தானை ஒரு தடவை பார்க்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, கண்ணு. என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

நீ நம்பாததிலும் தப்பில்லை. அப்பா உன் துணிமணியை வாசலில் வீசிய அன்றைக்கு நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, வாய் திறக்கவில்லை. "ஆம்பளையாப் பொறந்துட்டு பொம்பளையா எறங்கிட்டானே" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்று உனக்காக அழுதேன். பிறகுதான் உறைத்தது, பெண்ணாவது இறங்குவது என்றால் இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் நான் எந்தப் படியில் நின்றேன் என்று. உன்னை அவர் வெறுத்ததும் என்னை அவர் மதிக்காததும் ஒன்றுதான். நீ பெண் என்று சொன்னபோது எனக்கும் வருத்தம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று கொஞ்சம். நான் பட்டதையெல்லாம் நீயும் படுவாயே என்று நிறைய. நீ இருக்கும் ஊரில் பஸ்ஸில் பெண்கள் உன் பக்கத்தில் தயங்காமல் உட்காருகிறார்கள் என்று எழுதியிருந்தாய், வயிற்றில் பால் வார்த்தாய். அடுத்த வரியிலேயே, பெண்ணானதும் ஆபீஸில் நீ பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். எந்த ஊராக இருந்தால் என்ன, நமக்கு அதே கதைதான்.

இன்று காலை லீவு கேட்டேன். எங்கள் சூப்பர்வைசர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், எங்களை ஏய் என்றுதான் கூப்பிடுவான். எதற்கு லீவு என்றான். மகளுக்கு ஆபரேஷன் என்றேன். உனக்கு ஒரே பையன்தானே, ஏது மகள் என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சிரித்தான். "எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு சார். நீங்க சொல்றது அவளத்தான்." போனால் திரும்பி வரவேண்டாம் என்றான். பத்து வருஷமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் மதியம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். வாயாடி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வாசலைத் தாண்டினால் அதோடு சரி என்றார். ஆகட்டும் என்றேன். அவர் தட்டை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மிரட்டலுக்கு நான் அப்படிப் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை.

சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். ஞாயிறு மதியம் அங்கே இருப்பேன். திரும்பி வர எனக்கு வேலையும் இல்லை, வீடும் இருக்குமா தெரியாது. அதைச் சொல்லி உன்னை மடக்கப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பழைய சட்டையில் பொத்தான் துளை வெட்டியாயிற்று, அதைச் சரிசெய்ய வழியில்லை. அதே துணியில் புதிதாக ஒன்று தைத்துவிட்டேன். பொத்தான் இடது பக்கம். வாயாடியை இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். முழுக்க முன்னால் திறக்கும், ஆபரேஷன் ஆன பிறகு கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ளலாம். நான் போட்டுவிடுகிறேன்.

என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். உள்ளே வரமாட்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்து நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். எனக்காக ஒன்று மட்டும் செய். அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கி, யாரும் இல்லை என்பதை அடித்துவிட்டு, அம்மா என்று எழுது. அடித்தல் திருத்தல் கூடாது என்று நர்ஸ் சொன்னால், தப்பு நடந்துபோச்சு, திருத்திக்கிறோம் என்று சொல்.

உன் அம்மா