திரையில் ஒரு மலை

என் மதிப்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

பேத்தி வீட்டில் சமையலும் நானும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை நான் வீடியோவில் வராததற்குப் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர்தான் படுத்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பக்கத்தைத் தடுத்து, ரெக்கவரி என்று கம்ப்யூட்டர் செய்தவர்களே தனியாக வைத்திருக்கிறார்கள். வாங்கிய அன்று இருந்தபடி கம்ப்யூட்டரை எழுப்பிவிட அது போதுமாம். போன மாதம் பேத்தியின் வீட்டுக்காரர், "சும்மா கிடக்குற இடம்தானே, அழிச்சிடலாம்" என்றார். இவள் விடவில்லை. நம் பேத்தியின் மூளை யாருக்கு வரும்!

"எழுப்பிடலாம் பாட்டி. ஆனா நாம போட்டு வச்சதெல்லாம் போயிடும். திரையில இருக்கிற தாத்தா படமும்தான். அதுக்கு இங்க வேற காப்பி இல்ல" என்றாள்.

"ஆளையே பாத்துப் பேசப் போறேன், படம் எதுக்குடி? அமுக்கு!" என்றேன்.

இப்போது நன்றாக ஓடுகிறது. இனி ஞாயிறு தவறாது. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். திரையில் இருந்த உங்கள் நீலச் சட்டைப் படத்தை மறுபடி அனுப்புங்கள். திரையில் ஏதோ மலை வந்து நிற்கிறது. மற்ற நாளெல்லாம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் காய் நறுக்குகிறேன்.

பால் பொங்குகிறது, எழுந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி