ஏழாவது விமானம்

ஓய்வூதிய அலுவலாக அரசாங்கக் கச்சேரிக்குப் போன நாளில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த சின்ன அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், சிநேகிதரே, நீர் செய்த விமானங்கள் நின்றன. முள்முருக்கு மரத்தில் செதுக்கி, வள்ளத்துக்கு அடிக்கிற சாம்பல் பெயின்ற் பூசியவை. "மர விமானங்கள், புளியங்கூடல். ஏழில் ஒன்று கிடைக்கவில்லை" என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கிடைக்காத அந்த ஒன்று என் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் நீர் வந்து இறங்கியபோது உடுத்த உடுப்பு மட்டும்தான் மிச்சம். விமான நிலையத்தில் இறக்கை கழற்றிப் பூட்டிய கைகள் உம்முடையவை. அப்பருடைய புகையிலைத் தோட்டத்தில் அவை கடைசிவரை ஒட்டவில்லை. தபாற்கந்தோரைப் பூட்டிவிட்டுப் பின்னேரங்களில் நான் வருவேன். நீர் உளியோடு குந்தியிருப்பீர். "ஏன் உதுகளைச் செய்யிறீர்?" என்று ஒருநாள் கேட்டேன். "செய்யாட்டிக் கை மறந்துபோகும்" என்றீர். நெடுந்தீவுக்கோ எழுவைதீவுக்கோ போகிற வள்ளத்தைச் செய்தால் நாலு பேராவது வாங்குவார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறில் சண்டை மூண்டு, விமானங்கள் எங்கள் தீவுக்கு மேலேயே வந்தன. நீர் ஏழையும் கோயில் மடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஊரைக் கூப்பிட்டீர். ஒவ்வொன்றின் சத்தத்தையும் வாயால் செய்து காட்டினீர். "இந்தச் சத்தம் கேட்டா நிண்டு பாராதேங்கோ, உடனை பங்கருக்கை போங்கோ" என்றீர். கடைசியாக, வயிறு பருத்த ஒன்றைத் தொட்டு, "இது சாமான் ஏத்திறது. குண்டு போடாது" என்றீர். ஒன்றாவது பயமில்லாமல் பறக்கிறதே என்று சனத்துக்கு ஒரு ஆறுதல். எனக்கும்தான்.

பிறகு ஒரு காலை. உம்முடைய அக்கா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. சத்தம் கேட்டதும் ஈர உடுப்புகளைப் போட்டுவிட்டு, பதுங்க மண்ணில் வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினா. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அண்ணாந்து பார்த்தேன். பருத்த வயிறு.

"அக்கா, ஓடாதேங்கோ. இது சாமான் ஏத்திறது."

அக்கா பாதி வழியில் நின்றா. என்னைப் பார்த்துச் சிரித்ததாகவும் ஒரு ஞாபகம். அது நடந்ததா, என் மனம் பிறகு சேர்த்துக்கொண்டதா என்று இன்றுவரை பிடிபடவில்லை. விமானத்தின் பின்கதவால் எதையோ உருட்டிவிட்டார்கள். எனக்கு இடது காது போனது. அக்காவைப் பாயில் சுற்றித்தான் தூக்கினோம்.

அக்காவின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று, அந்த விமானத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தீர். "என்ரை சொல்லை நம்பி நிண்டிருக்கிறா. இதை எரிச்சுப்போடும். எனக்கு ஏலாது" என்றீர். அப்போதே நான் வாய் திறந்திருக்க வேண்டும். அக்கா நம்பவில்லை, ஓடத்தான் செய்தா, நிறுத்தியது நான் என்று. சாக்கை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

எரிக்கவும் இல்லை. உம்முடைய கைவேலை என்று மனம் வரவில்லையா, அதை எரித்தால் என்னுடைய சொல்லையும் சேர்த்து மறைத்ததாகும் என்று பயந்தேனா? எத்தனையோ முறை யோசித்தும் ஒரு பதில் நிலைக்கவில்லை. தீவைவிட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில், நீரும் மனைவியும் ஒரு அறையிலும் நான் அடுத்த அறையிலும் இருந்தோம். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், "அக்கா பாதி வழியிலை ஏன் நிண்டவ?" என்றீர். என்னைப் பார்த்துக் கேட்டீரா, சும்மா கேட்டீரா தெரியாது. கேளாத காதைச் சாட்டாக வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். காய்ச்சலோடு கடைசியாகப் படுத்திருந்தபோது, "அதை எரிச்சுப்போட்டீரோ?" என்றீர். "ஓம்" என்றேன். "நல்லது" என்று என் கையைத் தட்டினீர். இரண்டு நாளில் போய்விட்டீர்.

மழை விட்ட பிறகும் நான் பெட்டியருகே நின்றதைக் கண்டு, அங்கே வேலை செய்கிற பிள்ளை வந்தாள். வெளிநாட்டிலிருந்து உம்முடைய மனைவி விமானங்களோடு அனுப்பிய கடிதத்தை வாசித்துக் காட்டினாள். "ஏழாவது இவருடைய சிநேகிதரிடம் இருக்கும். அவர் எரிக்கமாட்டார், பத்திரமாக வைத்திருப்பார் என்று இவர் சாகும்வரை சொல்லுவார்."

கடிதத்தை வாங்கி நானே ஒருமுறை வாசித்தேன். நான் எரிக்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறீர். நான் பொய் சொன்னதும் தெரிந்துதான் கையைத் தட்டியிருக்கிறீர். அப்படியென்றால் வேறு எதெல்லாம் உமக்குத் தெரிந்திருந்தது?

அடுத்த நாள் விமானத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொருளைப் பற்றிய குறிப்பு எழுத ஒரு தாள் தந்தாள். "இந்த மாதிரி விமானம் ஒன்று வந்த அன்று, இதைச் செய்தவரின் அக்கா பங்கருக்கு ஓடினா. ஓடவேண்டாம் என்று நான் சொன்னேன். நின்றா" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இத்தனை வருடத்தில் அதைச் சொன்னது முதல் தடவை.

பிள்ளை அதை இரண்டு முறை வாசித்தாள். "ஐயா, இது விமானம் செய்தவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

உமக்குத் தெரியாது என்று அவள் எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாது என்றுதான் நான் சொன்னேன்.