மவுத்பீஸ் என்னிடம் இருக்கிறது

திண்டுக்கல்
6-2-1962

அன்புள்ள உங்களுக்கு,

திருச்சியில் இருக்கிறீர்கள் என்று உங்கள் தங்கை எழுதியிருந்தாள். புற்று வந்த தாடை எலும்பை எடுத்தால் உயிர் நிற்கும், சாக்ஸபோன் ஊத முடியாது என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் போய்விட்டீர்கள். வருகிற திங்கட்கிழமை தாண்டினால் ஆபரேஷனே செய்ய முடியாது என்கிறார் டாக்டர்.

எனக்கு ஜெபத்தில் நம்பிக்கையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று மாதா கோயிலில் முழந்தாளிட்டேன்.

உங்கள் மாணவன் செபஸ்தியான் வந்தான். கச்சேரிக்குப் போயிருக்கிறீர்கள் என்றேன். மேசையில் இருந்த உங்கள் சாக்ஸபோன் மவுத்பீஸைப் பார்த்துவிட்டு, "இத விட்டுட்டா சார் போனாரு டீச்சர்? வெறுங்காத்தையா ஊதுவாரு?" என்று சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் ஊதிவிடக் கூடாதென்று உங்கள் பெட்டியிலிருந்து அதை எடுத்தவள் நான்தான். போய்ப் பத்து நாளாகியும் நீங்கள் அதைக் கேட்டு ஒரு வரி எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னைத் திட்டுவதற்காகவாவது வாருங்கள்.

உங்கள் மனைவி