ஐஸ் மேல் நின்ற மச்சானுக்கு

மச்சான்,

மிளகு மூட்டையோடு இன்று சேந்தமங்கலம் இறங்கியிருந்தேன். சோடாக் கடை வாசலில் சேலத்து லாரி ஒன்று நின்றது. கடைக்காரர் சாக்கைப் பிரித்து, மரத்தூளைத் தட்டிவிட்டு, பெரிய ஐஸ் பாளம் ஒன்றைப் பலகைமேல் சரித்தார். ஈர மரத்தூள் வாசனை குப்பென்று வந்தது. சந்தைக்கு வந்தவர்கள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். நான் உள்ளங்கையை முழுதாக வைத்தேன். எரிகிற வரை எடுக்கவில்லை.

"ஏனுங்க, கை மரத்துப் போயிருமுங்க. எடுங்க" என்றார் கடைக்காரர்.

"இதும்மேல ஓடியே இருக்கேனுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நம்பவில்லை. நீ சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நீ எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பினார்கள். நீ போய்ச் சேர்ந்து இத்தனை மாதமான பிறகும், அந்தக் கடை வாசலிலேயே எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. மலையேறி வீட்டுக்கு வந்தும் தணியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ என் அத்தை மகன். கொல்லிமலையில், நம் வளப்பூர் நாட்டில், நம் இருவரையும் இணைபிரியாதவர்கள் என்பார்கள். காட்டை அளக்க வந்த சர்வே துரை நம்மை ஒன்றாகத்தான் கூலிக்கு எடுத்தார். நீ கூடாரத்தைச் சுமந்தாய், நான் அளக்கும் சங்கிலியைச் சுமந்தேன். வடக்கே மாற்றலானபோது, கூட வருகிறீர்களா என்று அவர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் "வாரோமுங்க" என்றாய். எனக்கும் சேர்த்து நீயே சொன்னாய். அப்போதிருந்தே அப்படித்தான்.

சிம்லா பக்கம் ஒரு மலையூர் அது. துரைமார் கிளப்பில் டென்னிஸ் ஆடும் தளத்தில், குளிர் இறங்கியதும் சாயங்காலம் தண்ணீர் தெளித்து விடுவார்கள். விடிந்தால் தளம் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் துரைமார் அதன்மேல் மட்டை பிடித்து ஹாக்கி ஆடுவார்கள். பந்து கிடையாது; தட்டையான ரப்பர் வில்லை. பூட்ஸுக்கு அடியில் கத்தி மாதிரி இரும்புத் தகடு. நம் துரையும் அந்தக் கிளப்தான்; அவர் சொல்லி, தண்ணீர் தெளிப்பதும் தளத்தைக் கூட்டுவதும் நம் வேலை ஆனது.

துரை ஒருநாள் விளையாட்டாகப் பழைய பூட்ஸ்களைக் கொடுத்து நம்மை ஏற்றிவிட்டார். முதலில் நின்றவன் நான். நீ விழுந்தாய், எழுந்தாய், மறுபடி விழுந்தாய். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாய். அதற்குள் நான் தளத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டேன். பின்பக்கமாகவும் போகக் கற்றேன். "டேய், எம் மாப்ளையப் பாருங்கடா, கழுகாட்டம் போறான்!" என்று அங்கிருந்த பஞ்சாபிகளிடம் தமிழில் கத்தினாய். அந்த ஒரு வாரம்தான் என் வாழ்நாளில் உன்னைவிட ஒருபடி மேலே இருந்தேன். அந்த வாரத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், அவர்கள் அடித்துப் பழகுவதற்கு, வில்லை உள்ளே போகாமல் தடுத்துக்கொண்டு கோலில் நிற்க ஆள் வேண்டும் என்றார்கள். முதலில் என்னைத்தான் நிறுத்தினார்கள். வில்லை வந்த வேகத்தில் என் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. அடுத்து உன்னை நிறுத்தினார்கள். நீ திருப்பவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வில்லை தொடையில் பட்டது, தோளில் பட்டது. கோலுக்குள் மட்டும் போகவில்லை.

"பயமா இல்லையா?" என்று அன்று கேட்டேன்.

"பாறையில தொங்கித் தேனெடுக்கறப்ப கண்ண மூடுனா எலும்புகூட மிஞ்சாது மாப்ளே. அந்தப் பழக்கந்தான்" என்றாய்.

நானும் உன்னோடு தேனெடுக்கப் போனவன்தான். கயிற்றை மேலே பிடித்துக்கொண்டிருந்தவன் நான். தொங்கியவன் நீ.

சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் ஆளை அந்தக் கிளப்பில் மார்க்கர் என்பார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே நீ மார்க்கர் ஆனாய். உனக்குக் கம்பளிச் சட்டை, காலுக்குத் தோல் பேடு, புது பூட்ஸ். எனக்கு அதே துடைப்பம். கையில் தடித்த உறை இருந்ததால் பேடு வாரை உன்னால் கட்ட முடியாது. நான்தான் தினமும் குனிந்து கட்டிவிட்டேன். "இன்னும் இறுக்கு மாப்ளே" என்பாய். இறுக்குவேன். உன் பூட்ஸின் பளபளப்பில் என் முகம் தெரியும்.

பழக்க ஆட்டத்துக்குத்தான் மார்க்கர். பந்தயம் என்றால் கிளப்பில் சேர்ந்த துரைமார் மட்டும் ஆடவேண்டும் என்பது அவர்கள் சட்டம். அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பந்தய நாட்களில் நீயும் என் பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்பாய். எனக்கு வயிறு குளிர்ந்து கிடக்கும்.

பட்டாளத்து அணி வந்த அன்று, கோலில் நிற்கும் துரை காய்ச்சலில் படுத்துவிட்டார். நம் துரை உன்னை நிறுத்தப் பார்த்தார். எதிரணியில் முறுமுறுத்தார்கள். கடைசியில் அவர்களுடைய தலைவர் உன்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டு, நிற்கட்டும் என்று கையசைத்தார். எளிதாக ஜெயிக்கலாம் என்று நினைத்திருப்பார். ஒன்றே ஒன்றுதான் உன்னைத் தாண்டியது. ஆட்டம் முடிவதற்குள் சுற்றி நின்ற துரைமாரும் துரைசானிமாரும் "கொல்லி! கொல்லி!" என்று கூவ ஆரம்பித்திருந்தார்கள். உன் பேர் அவர்கள் வாயில் நுழையாது. கொல்லிமலைக்காரன் என்று நம் துரை சொன்னதில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேலெல்லாம் ஆவி பறக்க ஓரத்துக்கு வந்து, "மாப்ளே, பாத்தியா?" என்றாய்.

"பாக்கல. கூட்டிட்டிருந்தேன்" என்றேன்.

"அட, போச்சே!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டு, ஒவ்வொரு அடியையும் முதலிலிருந்து எனக்கு ஆடிக் காட்டினாய். எல்லாவற்றையும் பார்த்திருந்தவன் இரண்டாம் தடவையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அதன்பிறகு சட்டம் உனக்காக வளைந்தது. குளிர்காலம் தவறாமல் நீ பந்தயத்தில் நின்றாய். வேறு மலையூர்களுக்கும் உன்னை ரயிலேற்றிக் கூட்டிப்போனார்கள். கோடையில் ஊருக்கு வந்தால் தேவனூர் நாட்டிலிருந்துகூட ஆட்கள் உன்னைப் பார்க்க வந்தார்கள். என் தங்கச்சியை உனக்குக் கட்டிக் கொடுத்தோம். பந்தலில் அப்பா என்னை "இது எம் பையனுங்க" என்று சொல்லவில்லை. "எங்க மருமகங்கூட வடக்க இருக்கறவனுங்க" என்றார்.

பிறகு அந்த நாள் வந்தது. வில்லை உன் இடது கண்ணுக்குக் கீழே அடித்தது. நீ மண்டியிட்டாய், அப்போதும் கோலை விட்டு நகரவில்லை. நான்தான் ஓடிவந்து உன்னைத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் துரை கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நம் துரை என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். உன் பேடு என் காலுக்கு வந்தது. வாரில் உன் ரத்தம் ஈரமாக இருந்தது.

அன்று நான் முகத்தைத் திருப்பவில்லை மச்சான். எப்படி என்று கேட்காதே, எனக்கே தெரியாது. வந்ததையெல்லாம் தடுத்தேன். கடைசியில் ஒன்றை மல்லாந்து விழுந்து மார்பில் வாங்கினேன். கூட்டம் எழுந்து நின்றது. இத்தனை வருஷம் நான் காத்திருந்த சத்தம் அது. எழுந்த சத்தமோ "கொல்லி! கொல்லி!"

நானும் அதே மலையில் பிறந்தவன்தான். ஆனாலும் அது உன் பேர். ஆள் மாறியது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை.

கொட்டகைக்கு வந்தேன். உன் முகம் பாதி கட்டுக்குள் இருந்தது. வாயோரம் ரத்தம். "மாப்ளே, ஆடாமயே பேரு வாங்கிட்டேன் பாத்தியா!" என்று சிரித்தாய். உன்னை அறைந்திருப்பேன். அறைய முகத்தில் இடமில்லை.

அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணால் வில்லையின் தூரம் பிடிபடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் மார்க்கர் வேலை எனக்கு வந்தது. துடைப்பம் உனக்குப் போனது. முதல் நாள் காலை நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ குனிந்து வாரைக் கட்டினாய். உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது உன்னிடமும் கொஞ்சமாவது இருக்கும் என்று தேடினேன். நீயோ வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி, "இறுக்கம் போதுமா மாப்ளே? உனக்குக் கணுக்கால் சின்னது" என்றாய். அவ்வளவுதான். தேடியது கிடைக்கவில்லை. உன் பேரையும் புகழையும் பார்த்து வந்த பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் காலையில் வந்ததுதான் பெரிது. அது இன்றும் ஆறவில்லை.

நான் சுமாராகத்தான் ஆடினேன். ஓரத்தில் நின்று நீ போட்ட கூச்சலுக்கு அந்த ஆட்டம் தகுதியானதில்லை. சண்டை வந்ததும் துரைமார் பட்டாளத்துக்குப் போனார்கள், தளத்துக்குத் தண்ணீர் தெளிப்பதும் நின்றது, நாம் ஊர் வந்து சேர்ந்தோம். நீ சாமை விதைத்தாய், நான் மிளகுக்கொடி ஏற்றினேன்.

போன தையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று கீழே பேசிக்கொண்டிருந்தார்கள், நீ முந்திக்கொண்டாய். உன்னைப் பார்க்க வந்த கூட்டம் களம் கொள்ளவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து அழுதார்கள். பாடையின் முன்முனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நான் செத்தால் இதில் எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் மச்சான் நினைத்தேன். வேறு யாரிடம் சொல்வேன் இதை? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

காட்டுக்குப் போகும் வழி மேடு. மற்ற மூன்று முனையிலும் ஆட்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். தேவனூர்ப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "மாமா, மூச்சு வாங்குதுங்களே. செத்த நேரம் எங்கிட்டக் குடுங்க" என்றான்.

"தள்ளுடா" என்றேன்.

"நாங்களும் தூக்கோணுமுங்க மாமா. அவரு எங்களுக்கும் வேண்டியவருதானுங்க."

அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு நீ என்ன வேண்டியவன்? அவன் உன் கால் வாரைக் கட்டியிருக்கிறானா? உன் ரத்தம் அவன் கையில் பட்டிருக்கிறதா? பிடியை விடவில்லை. மேடு முழுக்க நானேதான் சுமந்தேன். இறக்கியபோது வலது தோள் வீங்கியிருந்தது. அந்த வலி இன்னும் போகவில்லை. உன் தங்கமான பெண்டாட்டி, என் தங்கச்சி, எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நான் தேய்க்கவில்லை.