காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கதவைத் தட்டினால் எதிர்வீட்டம்மா தலையை நீட்டி, “அவங்க யாரையும் பாக்க மாட்டேங்கிறாங்கம்மா” என்கிறாள். அதனால்தான் கடிதம். பார்லர்காரி பேனா பிடித்து எத்தனை வருடமோ, கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே.

கடைக் கண்ணாடியில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: சாயம் பூச இரண்டு நாள் முன்னால் வந்து, காதுக்குப் பின்னால் சாயத்தில் ஒரு பொட்டு வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று. எவள் கெஞ்சினாலும் மசிய மாட்டேன். நீ வியாழக்கிழமை வந்து, “சனிக்கிழமை விமானம்டி. ஆறு வருஷம் கழிச்சுப் பையனைப் பாக்கப் போறேன், நரைச்ச தலையோடயா போறது?” என்றதும் என் புத்தி எங்கே போனது? பதினோரு வருடமாகப் பூசுகிறோமே என்று பூசிவிட்டேன். வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட சாயம் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்!

சனிக்கிழமை காலையில் உன் கண்கள் திறக்கவே முடியாமல் வீங்கிக் கிடந்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. திட்டு அக்கா. வாய் வலிக்கத் திட்டு.

உன் வாண்டு


மார்ச் 17

வாண்டுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. நெற்றியில் தோல் உரிகிறது. இனி ஆயுசுக்கும் சாயம் கூடாதாம். “மூலிகைன்னு போட்டிருந்தாலும், கறுப்பு மருதாணின்னு சொன்னாலும் நம்பாதீங்க. அடுத்த தடவை மூச்சே அடைச்சிடலாம்” என்றார் டாக்டர்.

பயணம் நின்றுபோனதற்குப் பையன் போனில் “பரவாயில்லம்மா” என்றான். மூன்று தடவை சொன்னான். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன்.

உன்மேல் கோபம் இல்லை. இப்போதைக்கு வராதே.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை, ஆனால் வராதே. இது எந்த ஊர் நியாயம்?

யாருக்கு என்றைக்குப் பொட்டு வைத்தேன், சிவந்ததா, அரித்ததா என்று கடையில் நோட்டு எழுதுவேன் இல்லையா? நேற்று முழுவதும் புரட்டினேன். தெருக்கோடி டீச்சருக்குக்கூட ஒரு பக்கம் இருக்கிறது. உனக்கு இல்லை. சொந்த அக்காவுக்கு எதற்கு நோட்டு என்று இருந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். இப்படி வீங்குவதற்கு முன்னால் பலருக்குச் சின்னதாக அரிக்குமாம். உனக்கு எப்போதாவது அரித்ததா?

வாண்டு


ஏப்ரல் 2

என் வாண்டுக்கு,

அரித்தது. போன வருடத்திலிருந்து மூன்று தடவை. கடைசித் தடவை காதோரம் நீர் வடிந்தது. “என்னக்கா இது?” என்று கேட்டாய். “கொசு கடிச்சிடுச்சு” என்றேன்.

சொன்னால் நீ பூச மாட்டாய். பூசாவிட்டால் உன் கடைக்கு நான் எதற்கு வருவது? என் வீட்டுக்கு வந்தாலும் நின்ற வாக்கில் காபி குடித்துவிட்டு ஓடுகிறவள் நீ. மாதத்தில் ஒரு ஞாயிறு, சாயம் காயும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வம்பளப்பாய். உன் அத்தான் போனபிறகு என்னைத் தொட்டுப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? அதற்காக அரிப்பைப் பொறுத்துக்கொண்டேன். நீ மட்டும் குற்றவாளி இல்லை.

பையன் மறுபடியும் டிக்கெட் எடுத்துவிட்டான். தன்னோடேயே இருந்துவிடச் சொல்கிறான். வீட்டைக் காலி செய்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் போக மனம் வராது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் போயிருப்பேன். அவன் விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே போனபிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வெறும் சீப்பை வைத்துக்கொண்டு நாளெல்லாம் வாரிவிட்டிருப்பேனே! அரிக்கிறதா என்று நானாகவாவது கேட்டிருக்க வேண்டும். கொசு என்றாய், கொசு என்று விட்டுவிட்டேன்.

நோட்டில் உனக்கு ஒரு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பையனிடம் கொடுத்து அந்த ஊர் பாஷையில் எழுதி வாங்கிக்கொள். அங்கே யார் உன் தலையில் கை வைத்தாலும் முதலில் இதைக் காட்டு.

உன் வாண்டு

*

இவர் என் அக்கா. இவருக்குத் தலைச்சாயம் ஆகாது. எந்தப் பெயரில் வந்தாலும் பூச வேண்டாம். அரித்தால் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.