டாக்டர் கேட்ட பேர்

1957, ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

என் சம்சாரம் குப்பம்மாளை இன்று வண்டி கட்டி சோழவரம் டாக்டரிடம் காட்டினேன். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஏரிப் பக்கம் போய்விடுகிறாள். திரும்பி வர வழி தெரிவதில்லை.

என்ன கிழமை என்று டாக்டர் கேட்டார். சிரித்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். அதற்கும் சிரிப்புதான்.

"ஊட்டுக்காரர் பேர் இன்னாம்மா?" என்றார்.

நான் குறுக்கே விழுந்தேன். "நல்லா கேட்டீங்க சார்! ஓட்டு போடப் போன எடத்துல கேட்டதுக்கே பக்கத்து ஊட்டுக்காரியை சொல்லச் சொன்னவ. எம்பேரை வாயால சொல்லவே மாட்டா."

டாக்டரும் சிரித்தார்.

"முனுசாமி" என்று என் பேரைச் சொன்னாள் அவள், கூச்சமே இல்லாமல்.

டாக்டர் என்னைக் காட்டினார். "இவர் யாரும்மா?"

"யாரோ பெரியவரு. வண்டில இட்டாந்தாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கு மருந்து இல்லைங்க. தனியா விடாதீங்க. அடுப்புகிட்ட விடாதீங்க. மறந்துட்டான்னு திட்டாதீங்க" என்றார். தலையாட்டினேன்.

சாயங்காலம் நானே சோறாக்கிப் போட்டேன். பாதியை எடுத்து மூடி வைத்தாள்.

"ஊட்டுக்காரருக்கா? ஆளு எப்டி?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. ஆனா நல்ல மனுசன். நீ துன்னுட்டு கெளம்பு பெரியவரே, அவரு வர்ற நேரம்."

சரி என்று எழுந்து வெளியே போனேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, செருமிக்கொண்டே உள்ளே வந்தேன். என்னைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தூங்குகிறாள். சோறு மூடினபடியே இருக்கிறது.